அடிப்பள்ளத்தில் ஊற்றியது

என் தங்கை புருஷனோடு நான் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் அற்பம். அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, வேலையில் அவர் ஆமை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். எனக்கு வாய் நீளம் என்று அவர் சொன்னார். இரண்டுமே உண்மை. அதனால்தான் இரண்டு பேருக்கும் கோபம் ஆறவில்லை.

என் பயணிகள் படகின் எஞ்சினோ ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பாதி வழி போவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். எஞ்சினைக் குளிர்விக்கிற குழாய்களில் கடல் தண்ணீர் ஓடி ஓடி, உப்பும் சுண்ணாம்பும் கல்லாகப் படிந்துவிட்டன. ஆசிட் விட்டுத்தான் கரைக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்கிற மெக்கானிக் அவர் ஒருவர்தான் என்பது என் தலையெழுத்து. நான் கூப்பிடவில்லை. தங்கை சொன்னாள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடு அவரே வந்து நின்றார். தங்கையும் கூட வந்திருந்தாள்.

படகு நாறுகிறது என்று அவர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று, அவர் வருவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். படகின் அடியில் கசிகிற தண்ணீரெல்லாம் சேரும் பள்ளத்தில், பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஒரு வாளி ஊற்றியிருந்தேன். அதன் நெடி டீசல் வாடையில் அமுங்கிப்போயிருந்தது.

மூன்றடி தள்ளி நின்றுகொண்டு அவர் என் தங்கையிடம் சொன்னார்: "அடியில ஏதாவது ஊத்தியிருக்காரான்னு உங்க அண்ணனைக் கேளு."

"ஒண்ணும் ஊத்தலைன்னு சொல்லு. என் படகு எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும்."

வேலையைத் தொடங்கவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. தளத்துக்குக் கீழே இருக்கிற எஞ்சின் அறையின் மூடியையெல்லாம் திறந்து வைத்து, மின்விசிறி ஒன்றை உள்ளே காற்றுப் போக நிறுத்தினார். முழங்கை வரைக்கும் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. துருப் பிடிக்காமல் இருக்கக் குழாய்களுக்குள் வைத்திருந்த துத்தநாகத் துண்டுகளை ஆசிட் தின்றுவிடும் என்று கழற்றி எடுத்தார். டிரம்மில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்குமாம். அந்தக் கலவையைச் சின்ன பம்ப் ஒன்று குழாய்களுக்குள் சுற்றிவிட்டு டிரம்முக்கே திருப்பிக் கொண்டுவந்தது. கடைசியாக ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையைத் தங்கை வழியாக எனக்கு அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினார். மேலே இருப்பவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் கயிற்றை இழுக்க வேண்டும். என்ன ஆனாலும் கீழே இறங்கக் கூடாது. அதையும் அவள்தான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுக் குழந்தையைப் பார்க்க வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது தூதுக்கு ஆள் இல்லை. நானா குரல் கொடுப்பேன்? பலகையில் இரண்டு தட்டுத் தட்டினேன். கீழேயிருந்து ஸ்பேனரால் இரண்டு தட்டு வந்தது. அவருக்கும் வீம்பு குறைச்சலில்லை. ஒரு மணி நேரம் இப்படியே தட்டிக்கொண்டிருந்தோம்.

கீழே இருந்த டிரம்மில் நுரை அடங்கிக்கொண்டே வந்தது. கல் கரைந்து முடிகிறது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து டிரம்முக்குத் திரும்புகிற ஓஸ் நழுவி, ஆசிட் அடிப்பள்ளத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. உடனே ஒரு நெடி மேலே வந்து கண்ணையும் தொண்டையையும் அறுத்தது. தட்டினேன். பதில் இல்லை, இருமல்தான் கேட்டது. பிளீச்சிங்கோடு ஆசிட் சேரக் கூடாது என்று அந்த டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். சேர்ந்தால் விஷக்காற்று.

"மாப்பிள்ளை, மேல வாங்க! அடியில பிளீச்சிங் ஊத்தியிருக்கேன்!"

இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். மேலே இருந்த சுவிட்சைத் தட்டி பம்ப்பை நிறுத்தினேன். உள்ளே குதிக்கப் போன காலை, அவர் சொல்லியனுப்பிய சொல் நிறுத்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். பக்கத்துப் படகுக்காரர் ஓடி வந்து கை கொடுத்தார். பாதி மாப்பிள்ளை தானாக ஏறி, பாதி நாங்கள் இழுத்து, மேலே வந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில், படகில் நடந்ததை ஒன்று விடாமல், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து, தங்கைக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொன்னேன். தங்கை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உடனே வெளியே எடுத்ததால் உயிருக்குப் பயமில்லை, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூக்கில் இருந்த மாஸ்க்கை விலக்கினார்.

"நேரா உங்ககிட்டயே கேட்டிருக்கணும், மச்சான். நானும் ஆள் விட்டுத்தானே கேட்டேன்." இருமி முடித்துவிட்டு மறுபடியும் சொன்னார்: "ஆசிட் எஞ்சினுக்குள்ளயே நிக்குது. விட்டா இரும்பைத் தின்னுடும். போய்க் கழுவுங்க."

செத்துப் பிழைத்த மனுஷன், தன்னைச் சாகடிக்கப் பார்த்தவனின் எஞ்சினுக்காகக் கவலைப்பட்டார். இவரையா ஆமை என்றேன்?

படகுக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன். நெடி முழுக்கப் போகும் வரை காத்திருக்கச் சொன்னார், காத்திருந்தேன். அடிப்பள்ளத்தைத் தண்ணீர் விட்டு அலசி இறைக்கச் சொன்னார், இறைத்தேன். கயிற்றைக் கட்டாமல் இறங்கக் கூடாது என்றார். கட்டிக்கொண்டு, பக்கத்துப் படகுக்காரரை மேலே நிறுத்தினேன். குழாயில் இருந்த ஆசிட்டை டிரம்மில் வடித்து, சமையல் சோடாவைப் பிடி பிடியாகப் போட்டு நுரை நிற்கும் வரை விட்டேன். அப்புறம் எஞ்சினுக்குள் சோடா தண்ணீர், அதற்கு அப்புறம் நல்ல தண்ணீர், ஐந்து தடவை. ஒவ்வொன்றுக்கும் அவர் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னேன். நடுநடுவே வீட்டுக் கதையும் வந்தது. குழந்தைக்குப் பல் முளைத்ததையே எனக்கு அப்போதுதான் சொன்னார்.

கழற்றிய துத்தநாகத் துண்டுகளைத் திரும்ப மாட்டி எஞ்சினை ஓட்டினேன். அரை மணி நேரம் ஆகியும் முள் பச்சையை விட்டு நகரவில்லை. அவரிடம் சொன்னேன். சிரிக்கப் போய் இருமிவிட்டார். போனைத் தங்கை பிடுங்கிக்கொண்டாள்.

"போதும்ணே, அவருக்கு நெஞ்சு வலிக்குது. மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கோங்க."

நாளைக்கு என்று அவள் சொன்னதும், ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.