கடைசி வாய்ப்புக் கட்டு

தொலைதூரக் கல்வி விடைத்தாள்களைத் திருத்துவதில் டீச்சருக்கு ஒரு பெருமை உண்டு. அழுது எழுதினாலும் சரி, ஆண்டவனைக் கூப்பிட்டு எழுதினாலும் சரி, கேள்விக்குப் பதில் இருந்தால்தான் மதிப்பெண். "பிள்ளைகுட்டிக்காரி, பார்த்துப் போடுங்கள்" என்று கடைசிப் பக்கத்தில் கெஞ்சியவர்களிடமும் அவளுடைய சிவப்புப் பேனா இரக்கப்பட்டதில்லை. கல்லூரி நடக்கும் நாட்களில் வணிகவியல் பாடம் எடுப்பாள், விடுமுறை வந்தால் விடைத்தாள் திருத்தும் முகாம். வீட்டையும் அதே கறாரோடுதான் நடத்தினாள். இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை, அதனால் நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் மேஜைக்கு வந்தது கடைசி வாய்ப்புக் கட்டு. மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அப்போதும் ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தேர்வு வைப்பார்கள். அதிலும் நூற்றுக்கு நாற்பது வராவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருட உழைப்பும் அம்போ. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் இங்கே அது கைகொடுக்காது. யாருடைய தாள் என்று திருத்துபவருக்குத் தெரியக் கூடாது என்பதால் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். பாடம், தகவல் தொடர்பு.

பதினோராவது தாளை எடுத்தாள். முதல் நான்கு கேள்விகளுக்கும் சேர்த்து, தாராளமாகப் போட்டும், இருபத்தேழுதான் தேறியது. பாக்கி ஒரே ஒரு கேள்வி, இருபது மதிப்பெண். ஒரு நிறுவனத்தில் தகவல் தொடர்புக்கு ஏற்படும் தடைகளை, நேரில் கண்ட எடுத்துக்காட்டுடன் விளக்கித் தீர்வு சொல்ல வேண்டும். பதில் இப்படி ஆரம்பித்தது:

"நான் அறிந்த நிறுவனத்தில் மொத்தம் மூன்று பேர். மேலாளர் ஒரு பெண்மணி, திறமைசாலி. அவர் எதையும் வாயால் அறிவிப்பதில்லை. எண் போட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார்."

ஃபிரிட்ஜில் நோட்டீஸ் ஒட்டும் ஆபீஸா என்று டீச்சர் சிரித்துக்கொண்டாள்.

"அறிவிப்பு எண் 7: செய்தித்தாளைப் படித்தவர் பக்க வரிசைப்படி மடித்து வைக்க வேண்டும். அறிவிப்பு எண் 11: டிவி சத்தம் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது."

சிரிப்பு பாதியில் நின்றது.

"துணை மேலாளர், மேலாளரின் கணவர். எந்த மனுவைக் கொடுத்தாலும் 'பார்க்கலாம்' என்பார். இதுவரை எதையும் பார்த்ததில்லை. மூன்றாமவர் மூத்த ஊழியர். அவருக்கு நாளொன்றுக்கு இரண்டு காபிக்கு மட்டுமே அனுமதி. மூன்றாவது வேண்டும் என்று நினைத்து அவர் சமையலறைப் பக்கம் திரும்பினாலே, 'டாக்டர் சொன்னது மறந்துபோச்சா மாமா?' என்று குரல் வரும்."

அது டீச்சருடைய குரலேதான். எழுதியவர் அவளுடைய மாமனார்! லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிறுதோறும் பையை மாட்டிக்கொண்டு நூலகம் போகிறேன் என்று கிளம்புகிறவர். போன மாதம் கண் பரிசோதனை என்று சொல்லி ஒரு காலைப்பொழுது முழுக்கக் காணாமல் போய், கை விரலெல்லாம் மையோடு திரும்பி வந்தாரே! கண்ணைச் சோதித்தால் விரலில் எதற்கு மை என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. உப்புக் குறைத்து, மாத்திரை எண்ணி வைத்து, ராப்பகலாக ஓடுகிறவள் தடையா? அதற்கு மேல் படிக்கப் பிடிக்காமல் தாளை மூடினாள். பெரிய முட்டையாக ஒன்று போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் சொந்தக்காரர் தாளைத் திருத்தியது பிறகு தெரியவந்தால் அந்தத் தாளே செல்லாது. கிழவரின் ஆறு வருடம் இவள் கையால் குப்பைக்குப் போகும். தாளை எடுத்துக்கொண்டு முகாம் அலுவலரிடம் போனாள்.

"சார், இதை நான் திருத்தக் கூடாது. எங்க வீட்டு ஆளோடது."

"நம்பர் மட்டும்தானேம்மா இருக்கு? எப்படிக் கண்டுபிடிச்சீங்க? கையெழுத்தா?"

"இல்ல சார், அவர் எழுதி நான் பார்த்ததே இல்ல."

"உள்ள பேர் எதுவும் எழுதியிருக்காரா?"

"இல்ல. ஆனா தெரியும் சார்."

"தெரியும்னா போதாதும்மா. தாளை மாத்தணும்னா படிவம் இருக்கு. அதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பிக் குடுங்க."

அந்தக் கட்டத்தின் முன்னால் டீச்சர் கொஞ்ச நேரம் தவித்தாள். வாயை மூடிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: "இதில் வரும் மேலாளர் நான்தான்."

அலுவலர் படிவத்தைப் படித்தார், விடையைப் படித்தார், கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பலமாக இருமினார். பிறகு தாளைப் பக்கத்து மேஜைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் கத்திரி. அரை மதிப்பெண்ணைக்கூட விடாமல் வெட்டுகிறவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

டீச்சர் அடுத்த தாளைத் திறந்தாள். கண் தாளில், காது கத்திரியிடம். பத்து நிமிடத்தில் கத்திரி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

"சார், இந்த ஆளு நல்லா கதை விடுறாரு" என்றார் அலுவலரைப் பார்த்து. "நேர்ல கண்டதைச் சொல்லுன்னா, கற்பனைக் குதிரையைத் தட்டி விட்டிருக்காரு. இட்டுக்கட்டினதுக்கு அஞ்சு மார்க் குறைச்சிட்டேன். மொத்தம் முப்பத்தேழு."

முப்பத்தேழு. மூன்றில் போகிறது. அலுவலர் டீச்சரைப் பார்த்தார், சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் யோசித்து முடிப்பதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

"அது இட்டுக்கட்டினது இல்ல சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பேப்பர் மடிக்கிறதுக்கு ஒரு அறிவிப்பு, அதுக்கு ஒரு நம்பர். எந்த வீட்லயாவது நடக்குமா?"

"எங்க வீட்ல நடக்குது சார். நம்பர் போட்டது நான்தான். இப்ப பத்தொன்பது வரைக்கும் போயிருக்கு."

அறையில் அத்தனை பேனாக்களும் நின்றன.

"காபி?"

"ரெண்டுதான் சார்."

"டிவி?"

"பன்னிரண்டு."

கத்திரி முப்பத்தேழை அடித்தார், நாற்பத்திரண்டு என்று எழுதினார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வெட்டியதை அவர் திருப்பிக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

"தீர்வைப் படிச்சீங்களா?" என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள், இல்லை என்று. அவரே வாசித்தார்:

"தீர்வு: மேலாளர் மாற வேண்டியதில்லை. மருத்துவமனையில் பதினொரு நாள் மூத்த ஊழியரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். தடை மூத்த ஊழியரே. வேண்டியதை வாய்விட்டுக் கேட்க அவருக்கு வரவில்லை. கற்றுக்கொள்ளலாம் என்றுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தார். ஆறு வருடம் ஆகிவிட்டது."

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதாள், வெட்கப்படவும் மறந்துபோனாள். உடனே வீட்டுக்கு ஓடி அந்த மனிதரிடம் பேச வேண்டும் போலிருந்தது. ஆனால் கிளம்பும்போது அலுவலர் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்:

"வீட்ல இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆகும்."

மாலையில் மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கணவன் சோபாவில் போனோடு கிடந்தான். டீச்சர் கைப்பையைக்கூட வைக்காமல் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அப்படி உட்கார்ந்ததே இல்லை. விடைத்தாளைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது.

"மாமா, ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். மகனைப் பார்த்தார், அவன் போனைக் கீழே வைத்திருந்தான். மெல்ல நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"