பச்சைத் திரை பேசுகிறேன்

“இதை யாரு எழுதிக் குடுத்தாங்க?”

நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார் சார். குரலில் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி. படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களைப் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தயார் செய்யும் மாலை வகுப்பு அது. முன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றவள் மருத்துவமனையில் ஆயா வேலை பார்ப்பவள். தேறினால் வார்டு உதவியாளர் ஆகலாம் என்று சீருடையோடு நேரே வகுப்புக்கு வந்துவிடுகிறவள்.

“நாந்தான் சார்.”

“நீயா?”

எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் அழைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவசரத்தில் அது கழன்று விழுந்துவிட்டது. சுயசிந்தனையும் படைப்பாற்றலும் வளர்ப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி. போனவர் ஒரு கோப்பும், கழுத்தில் தொங்கும் அட்டையும், தான் வாழ்க்கையில் எதையுமே மனப்பாடம் செய்ததில்லை என்ற நம்பிக்கையுமாகத் திரும்பி வந்தார். அதிலிருந்து தினமும், “ஏன்னு கேளுங்க! எதையும் நம்பாதீங்க, நான் சொல்றதைக்கூட!” என்பார். எல்லோரும் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

ஏதாவது ஒரு பொருள் தன் கதையைச் சொல்வதாக எழுதச் சொல்லியிருந்தார். பத்துப் பேர் குடை, ஏழு பேர் பேனா. பதினேழும் ஒரே கைடிலிருந்து வந்தவை. அத்தனைக்கும் முகம் சுளிக்காமல் மார்க் போட்டவர் ஆயாவின் நோட்டில்தான் தடுக்கி விழுந்தார்.

‘நான் ஆஸ்பத்திரியின் பச்சைத் திறை. என்னை இழுத்துவிட்டால் உள்ளே ஒருத்தர் சாகிறார். வெளியே பக்கத்துக் கட்டில்காரர் டீயில் சர்க்கரை பத்தவில்லை என்கிறார். இரண்டு சத்தமும் என் மேல்தான் படுகிறது. வெளியே சொல்லக்கூடாது என்றுதான் என்னைத் தைத்தார்கள். சார் கேட்டதால் சொல்கிறேன்.’

பின் பெஞ்சிலிருந்து ஆட்டோ டிரைவர் கேட்டார். “ஏன் சார், அக்காவே எழுதியிருக்கக் கூடாதா?”

இரண்டு மாதமாகக் கெஞ்சியும் கிடைக்காத ‘ஏன்’ அது. கிடைத்ததும் சார் சொன்னார்: “அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம். உக்காரு.”

ஆயா நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “மன்னிச்சிடுங்க சார்” என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை புத்தகக் கடையில் நான்கு கைடுகளைப் புரட்டினார். எதிலாவது ஒரு திரை தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமே என்று சாமியைக்கூட வேண்டிக்கொண்டார். “வாங்குறீங்களா, இங்கேயே படிச்சு பாஸாகிடுவீங்களா?” என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் உறைத்தது. எந்தக் கைடும் திரைக்கு வல்லின ‘றை’ போடாது. நேற்று அந்த ‘றை’யைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டதே அவர்தான். கடையில் யாருக்கும் இது தெரியாது என்றாலும் காது மடல் சுட்டது.

மாலை வரை மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். ‘தப்பு என்மேலதாம்மா’ என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். வகுப்பில் வாயைத் திறந்தால் வேறு வந்தது. “அன்னைக்கு... அதாவது நேத்து எழுதினீங்களே, அதைக் கொஞ்சம் வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

“அது வேண்டாம் சார். பென்சில்லதானே எழுதியிருந்தேன், அழிச்சிட்டேன். அதே பக்கத்துல பேனாவால குடை எழுதியிருக்கேன். ஆட்டோத் தம்பிதான் கைடு குடுத்துச்சு.” அவள் நோட்டை நீட்டினாள். “இதுல பிழை இருக்காது.”

ஆட்டோ டிரைவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழை இல்லைதான். ஆனால் குடையின் வரிகளுக்கு அடியில் பென்சில் அழுத்திய பள்ளங்கள் ஓடின. சார் ஜன்னல் பக்கம் திரும்பி, மாலை வெயிலில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தார். ‘வெளியே சொல்லக்கூடாது’ வரைக்கும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

“வெளிச்சம் பத்தலையா சார்?” என்று ஆயா எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினாள். டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டுப் பளீரென்று எரிந்தது. காகிதம் வழவழவென்று வெளுத்து, அதில் குடை மட்டும் இருந்தது.