நாற்பது என்று எழுதியிருந்த விளக்கு

பல்பு விற்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எங்கள் கோகந்த் ஊர்ச் சந்தையில் பதினெட்டு வருடமாகக் கடை போட்டிருக்கிறேன். மூன்று கேள்வி கேட்காமல் யாருக்கும் பல்பு கொடுத்தது கிடையாது. கழுத்து தடிப்பா, மெல்லிசா? விளக்கில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது? மூடி எதில் செய்தது, கண்ணாடியா, துணியா, பிளாஸ்டிக்கா? பதில் தெரியாவிட்டால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று துரத்திவிடுவேன். இதற்காக என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த ஜனவரி மத்தியானம் ஷோகிர் வந்தபோது நான் பக்கத்துக் கடைக்காரனோடு சண்டையில் இருந்தேன். அவன் தன் பிளாஸ்டிக் வாளிகளை என் கடை முன்னால் அடுக்கி வைத்திருந்தான். ஷோகிர் எங்கள் பக்கத்தில் டமாஸ் என்கிற குட்டி வேன் ஓட்டுகிறவன், முதல் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூச்சு வாங்க வந்து நின்றான்.

"ஸனோபர் அக்கா, சீக்கிரம் ஒரு பல்பு குடுங்க. சில்லா விளக்கு அணைஞ்சு போச்சு. இன்னிக்கு இருபத்தாறாவது நாள். அம்மா மெழுகுவத்தியப் புடிச்சிக்கிட்டு தொட்டில் பக்கத்துல நிக்கிறாங்க."

சில்லா என்றால் விளையாட்டில்லை. பிள்ளை பிறந்து நாற்பது நாள் தாயும் சேயும் இருக்கிற அறையில் இருட்டு விழக்கூடாது. பகலானாலும் விளக்கு எரிய வேண்டும். அதை அணைக்கிற கை வீட்டுக்கு ஆகாத கை.

"பழைய பல்பு எங்க?"

"அம்மா சாக்கடைல போட்டுட்டாங்க. செத்துப்போன வெளக்கு வீட்டுல இருக்கக்கூடாதாம்."

"நல்லா இருக்கு போ. கழுத்து தடிப்பா, மெல்லிசா?"

"தடிப்பு."

எல்.ஈ.டி. எடுத்து நீட்டினேன். கையை உதறினான். "இது வேணாம்க்கா. இதுக்குள்ள என்ன எரியுதுன்னே தெரியலன்னு அம்மா சொல்லுவாங்க. உள்ள கம்பி எரியணும், நெருப்பு கண்ணுக்குத் தெரியணும். அப்பதான் அது விளக்காம்."

"வாட் எத்தன போட்டிருக்கு?"

"வாட்டெல்லாம் ஒண்ணும் எழுதல. இருக்கறதுலயே பெருசாக் குடுங்க. மூலைல நிழல் தங்கக்கூடாது."

மூன்றாவது கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்து வாளிக்காரன் என்னைப் பார்த்து, "உன் கடை என்ன அரண்மனையா?" என்றான். விடுவேனா? திரும்பி அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே தொண்ணூற்றைந்து வாட் குண்டு பல்பு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். ஷோகிர் ஓடிவிட்டான். சண்டையில் நான்தான் ஜெயித்தேன்.

நாலு மணிக்கு அவன் மறுபடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ராசியான கைக்கா உங்களுக்கு! அறை என்னமா ஜொலிக்குது தெரியுமா? குளிருக்கு அடுப்பே வேணாம், அவ்வளவு சூடு. அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க. இது போச்சுன்னா உடனே மாட்ட ஒண்ணு கையில இருக்கணும்னு அம்மா சொன்னாங்க."

பெட்டியில் கை விட்டேன். ஆனால் சூடு என்ற சொல் மனதில் உறுத்தியது.

"விளக்கு எங்கடா மாட்டியிருக்கு?"

"தொட்டிலுக்கு நேர் மேல. செவுத்துல கிளிப் போட்டு."

"மூடி?"

"ரோஸ் கலர். பூ மாதிரி, பிளாஸ்டிக்ல. சில்லாவுக்குன்னே செஞ்சதுக்கா அது. உள்பக்கம் நாப்பதுன்னு கொட்டையா எழுதியிருக்கே! வித்தவனே அதக் காட்டித்தான் வித்தான்."

எடுத்த பல்பைப் பெட்டியிலேயே போட்டேன். அட கடவுளே, நாற்பது நாளாமே!

"டேய் மடையா, அது வாட்டுடா! நாப்பதுக்கு மேல போடாதேன்னு எழுதியிருக்கான்!"

அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "அதான் ஒரு வாடையா? மத்தியானத்துலேர்ந்து ஏதோ வாடை வருதுக்கா. கண்ணேறு கழியுதுன்னு அம்மா இசிரிக் போட்டு நல்லாப் புகை காட்டிட்டாங்க. இப்ப ஒண்ணும் தெரியல."

இசிரிக் செடியின் புகைக்கு முன்னால் எந்த வாடை தெரியும்? அறையே கருகினாலும் தெரியாது.

கடையை அப்படியே போட்டுவிட்டு அவன் வண்டியில் ஏறினேன். "அம்மாவுக்குப் போன் பண்ணு. விளக்க அணைக்கச் சொல்லு." மணி அடித்தது, எடுக்கவில்லை. குழந்தை அதிரும் என்று போனைச் சமையலறை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். எங்கள் மரத்தொட்டிலில் பிள்ளையைக் கையும் காலும் அசையாதபடி துணிப்பட்டையால் கட்டிப் படுக்க வைத்து, மேலே கைப்பிடிக் கட்டையில் ஏழு துணி போட்டு மூடுவோம். மேலிருந்து என்ன விழுந்தாலும் அதனால் நகர முடியாது.

பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். முற்றத்திலேயே புகை கண்ணைக் கரித்தது. அறை வாசலில் ஷோகிரின் அம்மா ஹனிஃபா புகைச்சட்டியோடு நின்றாள். மூடியிருந்த கதவின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தகதகத்தது.

"அங்கயே நில்லுடி. சந்தைக்காரி நீ, ஆயிரம் பேரு கண்ணு பட்ட ஒடம்பு. நாப்பது முடியாம உள்ள வரக்கூடாது."

"நான் வரலக்கா. நீங்களே போய் விளக்க அணைங்க. பிளாஸ்டிக் உருகுது, பிள்ள மேல விழும்."

"அணைக்கவா? வாயக் கழுவு! என் பேரன இருட்டுல போடச் சொல்றியா?"

"உங்க கால்ல விழறேன். தப்பு என்னோடதுதான், கேக்காம பல்பக் குடுத்துட்டேன். அணைச்சிடுங்க!"

"ஷோகிர், இவள வெளிய கூட்டிட்டுப் போ."

அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மரம் மாதிரி நின்றான். பிள்ளையைப் பெற்ற தடியன்! அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது. நேரமில்லை. மின்சார மீட்டர் எங்கள் ஊரில் வெளிச் சுவரில்தான் இருக்கும். திரும்பி ஓடினேன். இரும்பு மூடியைத் திறந்து பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

வீடு முழுக்க அணைந்தது. ஹனிஃபா போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன. சட்டி கீழே விழுந்து உடைந்தது. அவள் அறைக்குள் ஓட, நானும் பின்னாலேயே போனேன். என்னைத் தடுக்க யாருக்கும் நினைவில்லை.

ஜன்னலெல்லாம் துணி போட்டு மூடிய அறை. ஷோகிர் போனில் டார்ச் அடித்தான். ரோஸ் பூ தலைகீழாகத் தொங்கி உருகி நீண்டிருந்தது. அதிலிருந்து சொட்டியது தொட்டிலின் மேல் துணியில் விழுந்து, கறுத்து, விளிம்பு சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. நான் வெறுங்கையால் துணிகளை வாரி இழுத்தேன். ஓட்டை ஆறாவது துணி வரை இறங்கியிருந்தது. ஏழாவது பழுப்பேறியிருந்தது. அதற்குக் கீழே குழந்தையின் முகம். சத்தமே இல்லை. யாரோ என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டுகளை அவிழ்த்தார்கள். பிறகு ஒரு இருமல், அதன் பின்னால் வீறிட்ட அழுகை.

"பாவி, இருட்டுல போட்டுட்டியே," என்று ஹனிஃபா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னும் பதினாலு நாள் இருக்கே. இனி இவனுக்கு என்ன ஆகுமோ! ஷோகிர், போய் சுவிட்சப் போடுடா. வேற பல்பு கொண்டா. குடுடி மருமவளே, புள்ளயத் தொட்டில்ல கட்டணும்."

கட்டுகளை அவிழ்த்தது மருமகள் மோஹிராதான். இருபது வயதுகூட இருக்காது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி சுவர் ஓரமாக நின்றிருந்தாள். மாமியாரைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் பேசினாள்.

"வாடை வருதுன்னு மத்தியானமே சொன்னேன்க்கா. அணைச்சிடலாம்னு மூணு தரம் கேட்டேன். பச்ச ஒடம்புக்காரி, மூளை கலங்கிப் பேசுறேன்னு மூலைல படுக்க வெச்சிட்டாங்க."

ஹனிஃபா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மோஹிரா பிள்ளையைக் கொடுக்கவில்லை.