தண்டனையைக் குறைக்க ஒரு டம்ளர் மோர்

மன்னிப்பு இவ்வளவு மலிவுச் சரக்கு என்று அபிராமிக்கு அன்றுவரை தெரியாது. திருப்பூர் கோர்ட்டில் முதலாளி லிங்கசாமியின் வக்கீல் ஒரு போட்டோவை நீதிபதியிடம் நீட்டினார். அவள் வீட்டுக்குள் லிங்கசாமி நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடிக்கிறார். பக்கத்தில் நிற்பது அபிராமி. அவள் புருஷன் செத்த பதினாறாம் நாள் எடுத்த படம்.

புருஷன் கதிர்வேல், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். வேஸ்ட் துணியில் தீப்பிடித்த அன்று பின்கதவு பூட்டிக் கிடந்தது. தைத்த பனியன் பீஸ் திருட்டுப் போய்விடுமாம், அதற்காகப் பூட்டு. புகையில் மூச்சு முட்டி அந்தக் கதவடியிலேயே செத்தான். கீழ்க்கோர்ட்டு லிங்கசாமிக்கு இரண்டு வருடம் போட்டது. ஜாமீனில் வந்தவர் மேல்முறையீடு செய்தார். குற்றமே இல்லை என்று வாதாடவில்லை. தண்டனையைக் குறைத்து அபராதத்தோடு விட்டால் போதுமாம்.

வக்கீல் அடுக்கினார். வயது அறுபத்து மூன்று, சர்க்கரை வியாதி, முந்நூறு பேருக்கு வேலை, கோயில் திருப்பணி.

"எல்லாத்துக்கும் மேல, இறந்தவர் வீட்டுக்கே போய் வருத்தப்பட்டிருக்கார். அந்தம்மாவும் மன்னிச்சு உபசரிச்சிருக்காங்க."

வந்தவரை வாங்க என்று சொல்லி ஒரு வாய் தண்ணீராவது கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அபிராமி பிறந்த வெள்ளகோவில் பக்கம் கிடையாது. பகையாளி வந்தாலும் கொடுப்பார்கள். அது தெரிந்துதானே போட்டோ எடுக்கக் கம்பெனி மேனேஜரையும் கூட்டி வந்திருக்கிறான், பாவி!

எழுந்து நின்றுவிட்டாள். அரசு வக்கீல் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"நீங்கதான் கதிர்வேல் மனைவியா? ஏதாவது சொல்லணுமா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா. மோர் குடுத்தது நானுங்க. ஊட்டுக்கு வந்தவிங்களுக்குக் குடுத்தனுங்க, அவ்வளவுதான். நான் மன்னிக்கலீங்க. அவரு மன்னிப்புக் கேக்கவுமில்லீங்க."

"பின்னே எதுக்கு வந்தார்?"

மூன்று வருடமாக அவளிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை அவள் சொன்னாள்.

"பின்கதவுச் சாவி உன்ற புருசங்கிட்டத்தான் இருந்துச்சுன்னு போலீஸ்ல சொல்லிரு கண்ணு, செத்தவனை யாரு ஜெயில்ல போடப் போறாங்கன்னு கேட்டாருங்க. மோரை முழுசாக் குடிச்சுப்போட்டுத்தான் கேட்டாருங்க."

லிங்கசாமியின் வக்கீல் குதித்தெழுந்தார். "இது இட்டுக்கட்டின கதைங்கய்யா!"

நீதிபதி பழைய வழக்குக் காகிதக் கட்டைப் புரட்டினார். மேனேஜரும் முதலில் இதே சாவிக் கதையைத்தான் போலீஸில் சொல்லியிருந்தார். சாவி முதலாளி மேஜையில் அகப்பட்ட பிறகே மாற்றிப் பேசினார்.

"இந்தப் படத்தைக் கொடுத்தது நீங்கதானே?" என்று லிங்கசாமியின் வக்கீலைக் கேட்டார் நீதிபதி. " இதை வருத்தம்னு என்னால எடுத்துக்க முடியாது. இரண்டு வருஷம் அப்படியே நிக்கும்."

லிங்கசாமி தலையைத் தொங்கப் போட்டார். அபிராமிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு உயிருக்கு இரண்டே வருடமா?

"கூட்டித் தர முடியாதுங்களா?"

"அதுக்கு அரசுத் தரப்பு தனியா மேல்முறையீடு பண்ணியிருக்கணும்மா. பண்ணலையே."

அரசு வக்கீல் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வராந்தாவில் அவள் வழியை மறித்தாள்.

"ஏனுங்க பண்ணலே?"

"நீங்க சமாதானமாப் போயிட்டதாச் சொன்னாங்கம்மா. போட்டோவையும் காட்டினாங்க…"

"என்னைய யாருங்க கேட்டீங்க?"