வெறும் கம்பிச் சத்தம்

துபாயிலிருந்து தியாகேசன் போனில் சொன்னது இதுதான். “பெடலையெல்லாம் கழட்டித் தூரப் போடு மாப்ள. கிட்டார் ஒயரை நேரா ரெக்கார்டிங் பெட்டியில சொருவு. கம்பிச் சத்தம் சுத்தமா வந்தாப் போதும். எக்கோ, டிஸ்டார்ஷன் எல்லாம் பின்னாடி சாப்ட்வேர்ல நான் போட்டுக்கிறேன்.”

குணசேகரனுக்குத் துணியில்லாமல் தெருவில் போகச் சொன்ன மாதிரி இருந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் பதினெட்டு வருஷமாகக் கோயில் திருவிழா, கல்யாணம் என்று மேடை விடாமல் கிட்டார் வாசிப்பவன் அவன். எக்கோவும் கரகரப்பும் கொடுக்கிற நாலு பெடல் காலடியில் இல்லாமல் உட்கார்ந்ததே இல்லை. தியாகேசன் அவனுடைய இசைக்குழுவிலேயே கீபோர்டு வாசித்தவன்தான். பிழைக்கிற வழியைப் பார்த்து விமானம் ஏறிவிட்டான். இப்போது அங்கே அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுப் போடுகிறானாம். பாட்டில் ‘கிட்டார்: வடுவூர் குணசேகரன்’ என்று பெயர் வரும் என்று தன் அம்மா மேல் சத்தியம் செய்தான். திருவிழா நோட்டீசில்கூட ‘மற்றும் குழுவினர்’ என்பதற்குள் அடங்கிப்போன மனுஷன் குணசேகரன். அந்த ஒரு வரிக்காக அவன் எதையும் செய்திருப்பான். செய்தான்.

ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் அது. போர்வெல் தண்ணீரை நம்பித்தான் குறுவை நெல். கரண்ட்டோ காலையில் மூன்று மணி நேரம் வந்தால் அதிசயம். கரண்ட் வந்ததும் ஊரே விழுந்தடித்துக்கொண்டு மோட்டார் போடும். குணசேகரன் வீட்டில் மட்டும் போடக் கூடாது, அந்த நேரத்தில்தான் அவன் ரெக்கார்டிங். வீட்டை ஒட்டினாற்போல மோட்டார் கொட்டகை. ஸ்டார்ட்டரை அமுக்கினால் வீட்டு ரேடியோவில் ‘டுக்’ என்று ஒரு குத்து விழுந்து ‘கொர்ர்’ என்று இழுக்கும். அதே குத்து கிட்டார் ஒயரிலும் ஏறிவிடும். மேடையில் இதையெல்லாம் யார் கவனித்தார்கள்? சுத்தமான சத்தத்தில் துரும்பும் தெரியும்.

துரும்பு மட்டுமா, விரலும் தெரிந்தது. எக்கோவுக்குள் இத்தனை வருஷமாக ஒளிந்திருந்த தடுமாற்றமெல்லாம் வெளியே வந்து பல்லைக் காட்டியது. அரை நிமிஷ வாசிப்பு. மெட்டும் அவனே கட்டியது. அதைப் பதினோரு நாள் திரும்பத் திரும்ப வாசித்தான்.

“ஏங்க, பயிரு மஞ்சளாப் போவுதுங்க” என்றாள் அவன் மனைவி ஜெயபாரதி. “இன்னும் எத்தன நாளைக்கு இந்த டொய்ங்கு டொய்ங்கு?”

“நாளைக்கு முடிஞ்சிரும் பாரதி.”

“இதத்தான் பத்து நாளாச் சொல்றீங்க.” அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வயலுக்குப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் வாசிப்பு தானாகக் கூடி வந்தது. ஒரு விரல் தப்பவில்லை. கடைசி இழுப்பு இழுக்கும்போது ‘டுக்’ என்று விழுந்தது. வயலில் குதிகால் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்த ஜெயபாரதி, யாரையும் கேட்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டாள்.

“குடியக் கெடுத்தியேடி!” என்று குதித்தான்.

“குடி எங்க கெட்டுப்போய்க் கெடக்குன்னு வயல்ல போய்ப் பாருங்க!”

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. மறுபடி வாசித்தான், கை வரவே இல்லை. தியாகேசனிடம் சொன்னபோது, “அதையே அனுப்பு, பின்னாடி பாத்துக்கலாம்” என்றான். ஷேக் பரீத்தின் பிரவுசிங் சென்டரில் போய் அனுப்பிவைத்தான். அதற்குள் ஒரு மா நிலத்துப் பயிர் கருகியிருந்தது.

அதோடு தியாகேசன் போனை எடுப்பதை விட்டுவிட்டான். பத்து மாதம் கழித்து, தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தது. நடுவில் கிட்டார் புகுந்தது. அகலமாக, கரகரவென்று, வானத்துக்கும் பூமிக்கும் நின்றது. ஆனாலும் அவன் கட்டிய மெட்டு அவனுக்குத் தெரியாதா?

“இது நான் வாசிச்சது!” என்று எழுந்தே விட்டான்.

“உக்காருங்கண்ணே, விழுந்துரப் போறீங்க” என்றார் கண்டக்டர்.

திரும்பி வந்ததும் நேராக ஷேக் பரீத்திடம் ஓடினான். பரீத் கம்ப்யூட்டரில் பாட்டைத் தேடி எடுத்தார். கீழே பெயர் போட்டிருந்தது: ‘இசை, கிட்டார், ஒலிப்பதிவு: தியாகேசன்.’  குணசேகரன் பரீத்தின் போனிலிருந்தே தியாகேசனைக் கூப்பிட்டான். புது நம்பர் என்பதால் அவன் எடுத்தான் போலிருக்கிறது.

“ஏண்டா, எம் பேரு எங்கடா?”

“நீ அனுப்புனது வெறும் கம்பிச் சத்தம் மாப்ள. அதுல மனுசன் கேக்குற மாதிரி என்ன இருந்துச்சு? நாலு மாசம் ஒக்காந்து அதப் பாட்டாக்குனது நானு.” வைத்துவிட்டான்.

குணசேகரன் பென் டிரைவைச் சொருகி, தான் அனுப்பியதையும் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். “நீங்களே சொல்லுங்க பாய்.”

பரீத் இரண்டு தடவை கேட்டார். நல்ல மனுஷர், சங்கடப்பட்டார். “தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. இது என்னமோ ஒல்லியா இருக்கு. அது வேற மாதிரில்ல இருக்கு?”

சரி, ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாவிட்டால் போகட்டும். பன்னிரண்டு நாள் அடுப்படியிலிருந்து கேட்டவளுக்குத் தெரியாமலா போகும்? பாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒன்றும் சொல்லாமல் போட்டான். ஜெயபாரதி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டார் வந்தது. நறுக்கிக்கொண்டே இருந்தாள். கிட்டார் முடிகிற இடத்தில் கை நின்றது.

“திரும்பப் போடுங்க.”

அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. திரும்பப் போட்டான். கடைசி இழுப்பில் அந்தக் குத்து இருந்தது; தியாகேசன் அதை வெட்டாமல் எக்கோ போட்டுத் தாளமாகவே ஆக்கியிருந்தான். டுக், டுக், டுக்.

“இது நான் அன்னைக்குப் போட்ட மோட்டாருல்ல?”

“அதுக்கு முன்னாடி, பாரதி? முன்னாடி வர்றது?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “பொய் சொல்ல வாய் வரலீங்க. ஒங்க கை எங்கயுமே தெரியல. மோட்டார் மட்டும் அப்படியே இருக்கு.”

தலைக்கு மேலே மின்விசிறி அசைந்தது, கரண்ட் வந்துவிட்டது. அவள் சொல்வதற்கு முன்பே குணசேகரன் எழுந்து போய் மோட்டாரைப் போட்டான்.