தாச்சிக்கு எண்ணெய்

ஐந்தரைக்கு எழும்புவேன். முகம் கழுவுவேன். பால் இல்லாத தேநீர் ஒரு கோப்பை குடிப்பேன். வெப்பமூட்டியின் மேலிருக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்திலைத் தள்ளிவைத்துவிட்டு, அதன் பின்னால் காயும் கையுறைகளை எடுப்பேன். போத்திலைத் திரும்ப அதே இடத்தில் வைப்பேன். தொப்பி, சப்பாத்து, மயிர்த் தூரிகை. பல்கனிக் கதவைத் தோளால் இடித்துத் திறப்பேன். வெளியே தொலைக்காட்சி டிஷ் நிற்கும், நிறையப் பனியோடு.

சுவிஸின் டாவோஸில் வீட்டுக்காரி பிராவ் பூவோலின் மேல்மாடி அறை எனக்கும் என் மனைவிக்கும் கிடைத்தபோது அவர் வைத்த ஒரே நிபந்தனை இதுதான். அவருடைய மகன் தாயின் தொலைக்காட்சிக்காக ஒன்றரை மீற்றர் டிஷ் ஒன்றை எங்கள் பல்கனியில் பூட்டிவிட்டுப் போயிருந்தான். அவருக்கு எழுபது வயது, முழங்கால் மடங்காது. பனியை நாங்கள் துடைக்க வேண்டும்.

வேலை எளிது. மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். இரும்பால் சுரண்டக் கூடாது. கையை ஊன்றக் கூடாது. ஒரு விரலளவு அசைந்தாலும் செய்மதி தவறிவிடும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் பிடித்த பனிக்கட்டியைக் கையால் பொத்தி இளக வைக்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றவே கூடாது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் கண்ணாடியாகிவிடும். நான் ஊற்றியிருக்கிறேன்.

பனி மிஞ்சினால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும். பிராவ் பூவோல் அவற்றை மீன் என்பார். கீழே தன் ஜன்னலைத் திறந்து எண்ணிக்கை சொல்வார்.

"ஹெர் தயாபரன்! இன்றைக்குக் குளம் நிறைய!"

"இப்போது?"

"இரண்டு. சின்னன். பொரிக்கவும் காணாது."

அன்று ஞாயிறு, எனக்கு விடுமுறை. இரண்டாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மீன் சொல்லாமல் தொலைபேசி என்றார். எனக்கு வரும் அழைப்பு ஒன்றுதான். ரெனான் ஊரிலிருந்து என் மனைவியின் அக்கா சிவகலா. ஞாயிறு தவறாது.

கீழே போனேன். பிராவ் பூவோல் ரிசீவரைத் தந்துவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அறையை விட்டுப் போகவில்லை. எங்கள் பாஷை தனக்கு விளங்காது, ஆகவே தான் அங்கே இல்லை என்பது அவருடைய வாதம்.

"தயாபரன், சாப்பிடுறீரோ?"

"ஓம் மச்சாள்."

"என்ன?"

"சோறு."

"சோத்தோட?"

"சோறுதான்."

"ஹோட்டல் குசினியில நிண்டு ஆயிரம் பேருக்குச் சமைக்கிற ஆள்! சரி, கேளும். கல்வெட்டு முடிஞ்சுது. பேர்னில இருக்கிற பண்டிதர் எழுதித் தந்திட்டார். நாளைக்கு அச்சுக்குக் குடுக்கோணும்."

என் மனைவி ஞானேஸ்வரி இறந்து அடுத்த வாரம் ஒரு வருடம். எங்கள் வழக்கப்படி கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும்: படம், பிறந்த ஊர், குடும்ப விவரம், ஒவ்வொரு உறவினரும் புலம்புவதுபோல ஒவ்வொரு பாட்டு. இருநூறு பிரதி. யாழ்ப்பாணத்துக்கும் போகும். அவளுடைய தாய் அதை அலுமாரியில் வைத்து ஆயுள் முழுதும் வாசிப்பார்.

"உம்மட பாட்டை வாசிக்கிறன்," என்றார் மச்சாள். தொண்டையைச் செருமினார்.

"கண்கலங்க வேண்டாமென் கண்ணாளா என்றுரைத்துக்
கைகூப்பிப் பரன்பாதம் கலந்தனையோ ஞானமே."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்ன, நல்லாயில்லையோ?"

"அவள் என்னைக் கண்ணாளா எண்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை."

"பாட்டில எல்லாப் பெண்டுகளும் அப்பிடித்தான் கூப்பிடுவினம்."

"கைகூப்பவும் இல்லை. ரெண்டு கையிலயும் பை இருந்தது."



"அப்ப என்னதான் சொன்னவள்? செத்தவீட்டில எல்லாரும் கேட்டவை. ஒண்டும் சொல்லேல்லை எண்டீர். நான் ஒரு வருசமாக் கேக்கிறன், சோறு எண்டுறீர். பண்டிதர் பாவம், என்ன செய்வார்? வெறும் இடத்தில கண்ணாளாவை வச்சிட்டார்."

தொலைக்காட்சியில் ஒரு சமையற்காரர் வெங்காயம் வெட்டினார். அவர் முகத்தின் குறுக்கே மீன்கள் ஓடின. பிராவ் பூவோல் என்னையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

இருநூறு பேர் ஒரு கண்ணாளாவை வாசிப்பார்கள். அவளுடைய அம்மா அதைப் பாடமாக்குவார். பத்து வருடம் போனால் எனக்கே அதுதான் நினைவிருக்கும். எனக்குப் பயம் வந்தது. ஒரு வருடத்தில் வந்த முதல் பயம்.

"மச்சாள், சொல்லுறன். சிரிக்கக் கூடாது."

"ஏன் சிரிக்கிறன்?"

"ஒரு சொல்லும் மாத்தாமல் அப்பிடியே போடோணும்."

"பண்டிதர் விடமாட்டார். யாப்பு இடிக்கும் எண்டுவார்."

"அப்ப சொல்லமாட்டன்."

"கழுதை. சரி, பண்டிதரை நான் பாக்கிறன். சொல்லும்."

முதலில் எண்ணெயின் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் ஒரு வருடம் இரசாயனம் படிப்பித்தேன். அதனால் ஞானம் என்னை மாஸ்டர் என்பாள், மரியாதை இல்லாமல். போன வருடம் மார்கழியில் பனி கூடியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. எண்ணெயில் தண்ணீர் ஒட்டாது. டிஷ்சுக்கு எண்ணெய் பூசினால் பனி வழுக்கி விழும். வீட்டில் இருந்தது தேங்காயெண்ணெய், சூரிச்சில் வாங்கிவந்த போத்தில். இரவு டிஷ் முழுக்கப் பூசினேன்.

தேங்காயெண்ணெய் இருபத்துநான்கு பாகையில் உறையும். அதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டவன் நான். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு. விடிய டிஷ் மெழுகுவர்த்தியாக இருந்தது. பனி அதில் சீமெந்துபோலப் பிடித்திருந்தது. வெயில் வந்ததும் மஞ்சள் சொண்டு மலைக்காகங்கள் ஏழெட்டு வந்து விளிம்பில் குந்திக்கொண்டு கொழுப்பைக் கொத்தின.

"ஹெர் தயாபரன்," என்று பிராவ் பூவோல் கீழேயிருந்து கூப்பிட்டார். "மீனோடு இப்போது காகமும் கேட்கிறது. இது எந்த அலைவரிசை?"

ஞானம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு டிஷ் தாச்சியாகிவிட்டது, வடை பொரிக்கும் இரும்புச்சட்டி. "மாஸ்டர், தாச்சி காயுது. எண்ணெய் விடேல்லையோ?" "இண்டைக்கு என்ன, வடையோ முறுக்கோ?" ஒரு கிழமை இதுதான்.

நான் விடவில்லை. முதற்பூச்சு தடித்துவிட்டது, அதுதான் பிழை, மெல்லியதாகப் பூசினால் சரிவரும் என்றேன். எட்டாம் நாள் காலை போத்திலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி எடுத்துக்கொண்டு பல்கனியில் முக்காலியில் ஏறினேன். அவள் ஹோட்டல் சலவைக்கூடத்துக்குப் புறப்பட்டு, இரண்டு கையிலும் பையோடு, கதவடியில் நின்று பார்த்தாள். சொன்னாள். படியிறங்கிப் போனாள். அவள் போவதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் உறைவதற்குள் பூச வேண்டும்.

பதினொரு மணிக்குச் சலவைக்கூடத்தில் விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. ஆகவே கதவடியில் சொன்னதுதான் கடைசி.

இவ்வளவையும் மச்சாளுக்குச் சொன்னேன். காகத்தில் அவர் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்து நிறுத்தினார். பிறகு திரும்பவும் சிரித்தார். எனக்கும் ஏதோ ஒரு சத்தம் வந்தது. பிராவ் பூவோல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்.

"நீர் உதை ஏன் ஒளிச்சு வச்சிருந்தனீர்?"

"செத்தவீட்டில சொல்லுற மாதிரியான வசனம் இல்லை, மச்சாள். பிறகு, சொன்னால் முடிஞ்சிடும் போல இருந்தது."

"அந்தப் போத்தில்?"

"இருக்கு. வெப்பமூட்டிக்கு மேல. உறையாது."

"மிச்ச எண்ணெயைத் தொட்டனீரோ?"

"இல்லை."

மச்சாள் மூக்கை உறிஞ்சினார். கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"பண்டிதரின்ர பாட்டை வெட்டிப்போட்டன். பேனை இருக்கு. ஆறுதலாச் சொல்லும், எழுதுறன்."

சொன்னேன்.

"மாஸ்டர், தாச்சிக்குப் பூசினது காணும். மிச்சம் எனக்குத் தலைக்கு வேணும். பின்னேரம் வந்து போத்திலைப் பாப்பன்."