எட்டு லிங்க வண்டி

"பழைய ரேடியேட்டர் எனக்கு வேணும் சார்."

தருமன் காதிலிருந்த போனைக் கீழே இறக்கினார். கவிநிலா செருப்போடு உள்ளே வந்ததையே அவர் இன்னும் செரிக்கவில்லை. செங்கம் ரோட்டில் அவருடைய டிராவல்ஸ் ஷெட்டுக்குள் எந்த டிரைவர் வீட்டுப் பெண்ணும் இப்படி வந்து நின்றதில்லை.

காலையில் அம்மா ஆராயி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "இன்னா வேணா கேளு, அத மட்டும் கேக்காத. கேட்டின்னா கேஸுக்குப் போறன்னு தெரிஞ்சிக்குவாரு. அப்பறம் உங்கப்பனுக்கு வாட்ச்மேன் வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அது எதுக்கு உனக்கு?" என்றார் தருமன்.

"லேபர் ஆபீஸ்ல காட்டறதுக்கு."

மூலையில் ஆயில் டின்களுக்குப் பின்னால் அது சாய்ந்து கிடந்தது. அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் பொருக்கு. பழைய இரும்புக்காரன் வந்தால் போய்விடும். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டினால் ஓட்டை அடைபடும் என்பது தருமன் கண்ட வைத்தியம். ஒரு வாரம் அடைபடும், பிறகு மறுபடி ஒழுகும். மாற்றச் சொல்லி அப்பா காசி கேட்ட போதெல்லாம் மஞ்சள் தூள் பொட்டலம்தான் கைக்கு வந்தது.

அந்த வெள்ளைக் காருக்கு ஷெட்டில் எட்டு லிங்க வண்டி என்று பேர். கிரிவலப் பாதையில் மட்டும்தான் ஓடும். இந்திர லிங்கத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, அவர்கள் கும்பிட்டு வருவதற்குள் என்ஜின் ஆறிவிடும். காசி மூடியைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றுவார். அடுத்து அக்னி லிங்கம், அடுத்த பாட்டில். இப்படியே மலையைச் சுற்றி வந்துவிடலாம். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மாள் அதை வண்டிக்கு அபிஷேகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை டிரைவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வண்டியைத்தான் மூன்று மாதத்துக்கு முன் சென்னை ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார் தருமன். செஞ்சி தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறிவிட்டது. காசி ஓரம் கட்டி ஆறட்டும் என்று நின்றார். ஏறியிருந்தவர்கள் தருமனுக்குப் போன் போட்டார்கள். தருமன் காசிக்குப் போட்டார். பொங்கி அடித்த ஆவியில் காசியின் இடது கண் போயிற்று. வலது கை வெந்து, தோல் இழுத்துக்கொண்டது. மறுவாரமே வண்டிக்குப் புது ரேடியேட்டர் வந்தது.

"உன் காலேஜ் சீட்டுக்கு யார் போன் போட்டதுன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்றார் தருமன்.

"மார்க்கு நான் எடுத்தது சார்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரைவர் மணிவேலுக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக்கிக்கொண்டார்.

"பட்டம் வாங்கிட்டா வாய் ஜாஸ்தியாயிடும் போல. கொதிக்கறப்ப மூடியத் தொறக்கக் கூடாதுன்னு பால் குடிக்கிற புள்ளைக்குக் கூடத் தெரியும். உங்கப்பன் தொறந்தான். அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

"எங்கப்பாவுக்கும் தெரியும் சார். ஆறட்டும்னுதான் நின்னாரு. நீங்கதான போன்ல கத்தனீங்க? 'நீ ஆற வெச்சிகினு இருந்தா ப்ளைட்ட உங்கப்பனா புடிச்சி வெப்பான், தொறந்து ஊத்துடா'ன்னு?"

தருமன் அவளைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் கத்தினார். "காசி! இங்க வாடா."

தருமனைவிடப் பத்து வயது மூத்தவர் காசி. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். முதலாளியின் முகத்தைக் கண்டுபிடிக்கத் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"நான் உன்ன மூடியத் தொறக்கச் சொன்னேனா?"

காசி மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இல்ல மொதலாளி. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

"கேட்டுக்கோ."

ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிப் போட்டிருந்தபோது, அந்தப் பேச்சை அவளிடம் சொன்னவரே அவர்தான். அழுதுகொண்டே சொன்னார்.

"என்னப் பாத்து சொல்லுப்பா."

"உடும்மா. வேல குடுக்கறேன்றாரு. வயித்துப் பொழப்பு."

"மணிவேலண்ணே, அன்னைக்கு இவர் போன் பேசறப்ப நீங்க இங்கதான இருந்தீங்க?"

மணிவேல் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். "நான் டீ குடிக்கப் போயிட்டேன் பாப்பா."

"முடிஞ்சிதா?" என்றார் தருமன். "காசி, போய் அந்த வெள்ள வண்டியக் கழுவித் தொடை. சாயங்காலம் பார்ட்டி வருது."

காசி உடனே போனார்.

கவிநிலா மூலைக்குப் போய் ஆயில் டின்களை நகர்த்தினாள். தருமன் எழுந்துவிட்டார்.

"தே, அத வை. திருட்டுக் கேஸு குடுப்பேன்."

"குடுங்க சார். எத திருடனேன்னு அதுலயும் சொல்லித்தான ஆவணும்?"

"வாசலத் தாண்டினின்னா உங்கப்பனுக்கு இந்த ஷெட்டு கெடையாது."

"அவருக்குக் கண்ணே கெடையாது சார்."

அவள் தூக்கினாள். தகடுகள் விரலில் ஏறின. மணிவேல் தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் கைக்கும் தகட்டுக்கும் நடுவில் செருகினார். தருமன் அவரை முறைத்தார். மணிவேல் மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கேட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வது, கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வது என்று அடி அண்ணாமலையில் பஸ் ஏறும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். இங்கிருந்து நேராக வேங்கிக்கால் லேபர் ஆபீஸ். அப்பா சொல்ல மாட்டார் என்றால் இது சொல்லட்டும். வீட்டுக்குப் போனால் அம்மா அடிப்பாள். அடிக்கட்டும்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. காசி வெள்ளைக் காரின் முன் கண்ணாடியை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. அவர் பார்வை எட்டிய பாதி பளபளவென்று ஆகிவிட்டது. இடது பாதியில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாகத் திட்டுக் கட்டிக்கொண்டிருந்தது. அவர் சுத்தமாகிவிட்ட பக்கத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

கவிநிலா ரேடியேட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அவருடைய இடது பக்கமாகவே நடந்து போனாள். அவர் பார்க்கவில்லை.